பைத்தான் இன்டர்பிரட்டரைப் புதுசாக்குவது எப்படி? மூடித் திறந்தால் இரண்டாம் ரன்னில் நம்பை ஏற மறுக்கிறது

திருகாணி:

வணக்கம். சி++ மென்பொருள் ஒன்றுக்குள் பைத்தான் 3.12-ஐப் பொதித்திருக்கிறோம். இரண்டையும் இணைக்க பைபைண்ட்11 லைப்ரரி. அளவைக் கருவியின் தரவை மென்பொருள் வாங்கி வைத்துக்கொள்ளும். பயனர் பக்கத்துப் பெட்டியில் ஸ்கிரிப்ட் எழுதி 'ஓட்டு' பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலும் முதல் அழுத்தல் மாதிரியே இருக்க வேண்டும். இப்போது அப்படி இல்லை.

போன ரன்னில் வைத்த பெயர்கள் அப்படியே நிற்கின்றன. ஒரு மாறியின் பெயரைப் பாதி இடத்தில் மாற்றிவிட்டு மீதியை மறந்தாலும் ஸ்கிரிப்ட் ஓடிவிடுகிறது. மென்பொருளை மூடித் திறந்த பிறகுதான் நேம்எர்ரர் வருகிறது. ஸ்கிரிப்ட் இம்போர்ட் செய்யும் துணைக் கோப்பைத் திருத்தினால் திருத்தம் தெரிவதில்லை. லாக் வரிகள் இரண்டாம் ரன்னில் இரண்டிரண்டாகவும் மூன்றாம் ரன்னில் மும்மூன்றாகவும் விழுகின்றன.

ஒவ்வொரு ரன் முடிந்ததும் இன்டர்பிரட்டரை மூடும் பை_ஃபைனலைஸ்எக்ஸ், அடுத்த ரன்னுக்கு முன் அதைத் திறக்கும் பை_இனிஷியலைஸ் என்று வைத்துப் பார்த்தேன். வெறும் பைத்தான் ஸ்கிரிப்ட்டுக்கு வேலை செய்கிறது. எண் அரேக்களுக்கான நம்பை லைப்ரரி இருந்தால் இரண்டாம் ரன்னில் "ஒரே ப்ராசஸில் ஒருமுறைக்கு மேல் மாட்யூலை ஏற்ற முடியாது" என்ற பொருளில் இம்போர்ட்எர்ரர். பழைய நம்பை பதிப்பில் பிழைச் செய்தி கூட இல்லாமல் மென்பொருளே விழுகிறது. ரன்னுக்கு ரன் மெமரியும் ஏறுகிறது.

கட்டுப்பாடுகள்: விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும். அழுத்தியதும் அரை செகண்டுக்குள் ஸ்கிரிப்ட் தொடங்க வேண்டும். மென்பொருளிலிருந்து ஸ்கிரிப்ட்டுக்குப் போகும் அரே 200 மெகாபைட் வரை இருக்கும். ஃபைனலைஸை ஒழுங்காகச் செய்ய ஏதாவது வழி விட்டுப்போயிருக்கிறதா, அல்லது வழியே வேறா?

கோட்டைச்சுவர்:

நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. அந்த ஜோடி அழைப்புகள் நீங்கள் எதிர்பார்க்கும் வேலைக்கு உரியவை அல்ல. ஃபைனலைஸ் எதைச் செய்யாது என்பதை சிபைத்தான் (வழக்கமான பைத்தான்) ஆவணமே வெளிப்படையாகப் பட்டியலிடுகிறது: ஏற்றிய எக்ஸ்டென்ஷன் மாட்யூல்கள் (சி போன்ற மொழியில் எழுதிக் கட்டியவை) இறக்கப்படுவதில்லை, மாட்யூல்கள் அழியும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை, ஒன்றையொன்று சுற்றிப் பிடித்திருக்கும் ஆப்ஜெக்டுகளின் மெமரி விடுபடாமல் போகலாம், சில எக்ஸ்டென்ஷன்களின் தொடக்க வேலையை இரண்டாம் முறை கூப்பிட்டால் சரியாக ஓடாது.

முதல் அம்சம்தான் உங்கள் கிராஷுக்குக் காரணம். நம்பையின் டிஎல்எல் அல்லது எஸ்ஓ கோப்பு ப்ராசஸில் ஏறியது ஏறியதுதான். அதற்குள் சி மொழியின் ஸ்டாட்டிக் மாறிகள் இருக்கின்றன. முதல் ரன்னில் அவற்றில் சில, பைத்தான் ஆப்ஜெக்டுகளின் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. ஃபைனலைஸ் அந்த ஆப்ஜெக்டுகளை விடுவிக்கிறது, ஸ்டாட்டிக் மாறியில் இருக்கும் முகவரியை யாரும் அழிப்பதில்லை. இரண்டாம் இனிஷியலைஸில் "ஏற்கெனவே நிரப்பியாயிற்று" என்று அந்த மாறியைப் பார்த்து நம்பிப் போனால், விடுவித்த மெமரியில் கால் வைக்கிறது. எப்போது விழும், எந்த வரியில் விழும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் புதிய நம்பை பதிப்புகள் வாசலிலேயே மறித்து இம்போர்ட்எர்ரர் தருகின்றன. அது நல்லதற்குத்தான்.

இதே நோய் உங்கள் சொந்தக் குறியீட்டிலும் இருக்கலாம், தேடுங்கள். ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் என்று அறிவித்த பைபைண்ட் ஆப்ஜெக்ட் இருக்கிறதா? அதன் டிஸ்ட்ரக்டர் ஃபைனலைஸுக்குப் பிறகு, ப்ராசஸ் முடியும்போது ஓடும். அந்த நேரத்தில் இன்டர்பிரட்டரே இருக்காது. டேட்டைம் சி ஏபிஐ பயன்படுத்தினால் அதன் கேப்ஸ்யூல் பாயிண்டரும் ஒரு ஸ்டாட்டிக் மாறிதான், ஒவ்வொரு இனிஷியலைஸுக்குப் பிறகும் அதன் இம்போர்ட் மேக்ரோவைத் திரும்பக் கூப்பிட வேண்டும். மென்பொருளோடு கட்டிய உள்மாட்யூல்களை இனிட்டேப் (உள்மாட்யூல்களின் பட்டியல்) வழியாகச் சேர்த்திருந்தால், அதையும் ஒவ்வொரு இனிஷியலைஸுக்கு முன்னும் மறுபடி சேர்க்க வேண்டும்.

இன்டர்பிரட்டருக்குச் சொந்தமே இல்லாத நிலை வேறு உண்டு. ஸ்கிரிப்ட் ஓஎஸ்.என்விரான்-இல் ஒரு மதிப்பு வைத்தால் அது ப்ராசஸின் சூழல் மாறிகளில் போய் உட்கார்கிறது. ஃபைனலைஸுக்குப் பிறகு வரும் புதிய இன்டர்பிரட்டர் அதையே படிக்கும். நடப்பு அடைவு, லொகேல், திறந்து விட்ட ஃபைல் டிஸ்கிரிப்டர்கள், யூமாஸ்க் எல்லாமே அப்படித்தான்.

த்ரெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் தொடங்கிய சாதாரண த்ரெட் முடியும்வரை ஃபைனலைஸ் காத்திருக்கும். அது முடிவில்லாத லூப் என்றால் உங்கள் திரையும் உறையும். டீமன் (பின்னணி) த்ரெட்டுக்காகக் காத்திருக்காது. ஆனால் அந்த த்ரெட் பிறகு ஜில் பூட்டைக் (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டைப் பைத்தான் ஓட்ட விடும் பூட்டு) கேட்டு வந்தால் 3.14-க்கு முன் அங்கேயே முடிக்கப்படும், 3.14 முதல் அப்படியே தொங்கி நிற்கும். நடுவில் சி++ டிஸ்ட்ரக்டர்கள் இருந்தால் இரண்டுமே அழகான முடிவு அல்ல.

சிபைத்தான் பக்கத்தில் முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபைனலைஸ் எல்லா ஆப்ஜெக்டையும் விடுவிப்பதில்லை என்ற 1635741 எண் கொண்ட பிழைப்பதிவு 2007-இலிருந்து பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. அதற்காக உள்மாட்யூல்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். மாட்யூலின் நிலையை ஸ்டாட்டிக் மாறியில் வைக்காமல் மாட்யூலோடு வைக்கும் பெப் (பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) 3121, பைத்தான் 3.5-இல் வந்த இருகட்டத் தொடக்கமான பெப் 489 எல்லாம் இந்தத் திசையில்தான். ஆனால் அவை உதவுவது அந்த முறைக்கு மாறிய எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும்.

மணல்வீடு:

கோட்டைச்சுவர் சொன்னது சரி. ஆனா கேள்வியில இருக்கிற மூணு தொல்லைக்கும் இன்டர்பிரட்டரை இடிக்கவே தேவையில்ல. இன்டர்பிரட்டர் ஓடிக்கிட்டே இருக்கட்டும், ஸ்கிரிப்ட்டோட வீட்டை மட்டும் இடிச்சுக் கட்டுங்க.

பெயர்கள் தங்குறதுக்கு: ஒவ்வொரு ரன்னுக்கும் புது டிக்‌ஷனரி குடுத்து எக்ஸெக் பண்ணுங்க. இதுல மூணு பள்ளம் இருக்கு. குளோபல்ஸுக்கு ஒண்ணு, லோக்கல்ஸுக்கு ஒண்ணுன்னு ரெண்டு டிக்‌ஷனரி குடுத்துறாதீங்க. குடுத்தா ஸ்கிரிப்ட் கிளாஸ் உடம்புக்குள்ள ஓடுற மாதிரி ஓடும், மேல எழுதின ஃபங்ஷன் கீழ உள்ள ஃபங்ஷனுக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு குடுங்க. ரெண்டாவது, வெறும் டிக்‌ஷனரியில '__நேம்__' இருக்காது. தேடல் பில்ட்-இன்ஸுக்குப் போய் அங்க உள்ள பெயரைக் கொண்டு வரும், அதனால "__நேம்__ என்பது __மெயின்__ என்றால்" அப்படிங்கிற வழக்கமான வரி சத்தமில்லாம ஓடாமப் போயிடும். மூணாவது, '__மெயின்__'னு பெயரை மட்டும் எழுதி வச்சாலும் பத்தாது. பிக்கிளும் (ஆப்ஜெக்டை பைட்டா மாத்தி வைக்கிறது) டேட்டாகிளாஸும் கிளாஸைத் தேடி, ஏத்தின மாட்யூல்களோட பட்டியலான சிஸ்.மாட்யூல்ஸுக்குத்தான் போகும், அங்க பழைய மெயின் இருக்கும். அதனால டைப்ஸ்.மாட்யூல்டைப் வச்சு புது மெயின் மாட்யூல் செஞ்சு, அதை சிஸ்.மாட்யூல்ஸ்ல உட்கார வச்சு, அதோட டிக்‌ஷனரியையே எக்ஸெக்குக்குக் குடுங்க.

துணைக் கோப்பு: இம்போர்ட்லிப்.ரீலோட் பக்கம் போகாதீங்க. அது பழைய டிக்‌ஷனரி மேலயே புதுசை எழுதும். கோப்புலேருந்து நீங்க அழிச்ச ஃபங்ஷன் மாட்யூல்ல உயிரோட இருக்கும். "இதிலிருந்து அதை இம்போர்ட்"னு எடுத்த பெயர்களும் பழசையே பிடிச்சிருக்கும். அதுக்குப் பதிலா ரன் தொடங்குறதுக்கு முன்னாடி சிஸ்.மாட்யூல்ஸை ஒரு சுத்து சுத்தி, '__ஃபைல்__' பாதை பயனரோட அடைவுக்குள்ள இருக்கிற மாட்யூலை மட்டும் தூக்குங்க. ஸ்பைடர் எடிட்டர் பண்றதும் இதேதான்.

"போன ரன்னுக்கு அப்புறம் புதுசா வந்த எல்லாத்தையும் தூக்கு"ன்னு எழுதினா நம்பையும் சேர்ந்து போயிடும், நீங்க பார்த்த அதே பிழை திரும்ப வரும். பாதையை வச்சுத்தான் முடிவு பண்ணணும். பாதையை ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரியல்பாத், நார்ம்கேஸ் ரெண்டும் போடுங்க, விண்டோஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்துல தப்பிச்சுடும். '__இனிட்__' கோப்பு இல்லாத பேக்கேஜுக்கு '__ஃபைல்__' கிடையாது, அதுக்கு '__பாத்__' பாருங்க. முடிச்சதும் இம்போர்ட்லிப்.இன்வேலிடேட்_கேஷஸ் ஒரு தடவை.

லாக் ரெண்டு ரெண்டா வர்றது, ரூட் லாகர்ல ஹேண்ட்லர் சேர்ந்துக்கிட்டே போறதால. லாகிங் மாட்யூல் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில இருக்கு, அதை நீங்க தூக்கல. ரன் முடிஞ்சதும் ரூட்டோட ஹேண்ட்லர் பட்டியலை முதல்ல இருந்தபடி ஆக்குங்க, கழட்டினதை குளோஸும் பண்ணுங்க. பேசிக்கான்ஃபிக் பயன்படுத்துறவங்களுக்கு நேர் எதிர் தொல்லை: ரூட்ல ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தா அது ஒண்ணுமே செய்யாது, லாக் பழைய கோப்புக்கே போய்க்கிட்டிருக்கும். 3.8லேருந்து ஃபோர்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு.

இதே வகையில எடுத்து வச்சுத் திரும்ப வைக்க வேண்டியது: சிஸ்.பாத், சிஸ்.ஆர்க்வி, ஸ்டிடிஅவுட், ஸ்டிடிஎர்ர், நடப்பு அடைவு, ஓஎஸ்.என்விரான், வார்னிங்ஸ் ஃபில்டர், டெசிமல் கான்டெக்ஸ்ட், ரேண்டமோட நிலை, ரிகர்ஷன் லிமிட், சிக்னல் ஹேண்ட்லர், மேட்பிளாட்லிப் இருந்தா ஆர்சிபாராம்ஸ். மெமரி ஏறுறதுக்கு முதல்ல சிஸ்.லாஸ்ட்_டிரேஸ்பேக் பாருங்க, 3.12ல கூடவே லாஸ்ட்_எக்ஸ்சி. பிழையில முடிஞ்ச ரன்னோட ஃபிரேம் முழுசும் அதுல தொங்கிக்கிட்டிருக்கும், அந்த ஃபிரேம்ல உங்க 200 மெகாபைட் அரே இருக்கும். அதை அழிச்சுட்டு ஜிசி.கலெக்ட்.

திருகாணி:

இரண்டு பேருக்கும் நன்றி. மணல்வீடு சொன்னபடி மெயின் மாட்யூலும் பாதை வழிக் களையெடுப்பும் வைத்தேன். பெயர், துணைக் கோப்பு, லாக் மூன்றும் சரி. புதிதாக மூன்று தலைவலி.

ஸ்கிரிப்ட் உண்டாக்கிய ஒரு ஆப்ஜெக்டை மென்பொருள் பிடித்து வைத்து அடுத்த ரன்னுக்குத் திருப்பித் தருகிறது. அதன் மேல் இஸ்இன்ஸ்டன்ஸ் கேட்டால், கிளாஸ் பெயர் ஒன்றாக இருந்தும் இல்லை என்கிறது. ஈனம் மதிப்புகளும் சமமில்லை என்கின்றன. அடுத்தது, துணைக் கோப்பை எங்கள் மென்பொருளே எழுதி உடனே ஓட்டும்போது சில சமயம் மட்டும் பழைய குறியீடு ஓடுகிறது. அத்தோடு, ஒரு ஸ்கிரிப்ட் டீமன் த்ரெட் விட்டுப் போனால் அது அடுத்த ரன்னின் வெளியீட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது. சப்-இன்டர்பிரட்டர் (ஒரே ப்ராசஸுக்குள் இன்னொரு இன்டர்பிரட்டர்) இதற்கெல்லாம் தீர்வாகுமா?

மணல்வீடு:

முதலாவது எதிர்பார்த்ததுதான். கிளாஸைத் தூக்கிட்டுத் திரும்ப ஏத்தினா அது வேற கிளாஸ், பெயர் மட்டும்தான் ஒண்ணு. பழைய ஆப்ஜெக்ட் பழைய கிளாஸைப் பிடிச்சிருக்கு. பிக்கிள் பண்ணாலும் "இது அதே ஆப்ஜெக்ட் இல்லை"ன்னு மறுக்கும். ரன்னைத் தாண்டி உயிரோட இருக்கிறது எதுவும் பயனர் கிளாஸா இருக்கக் கூடாது; எண், ஸ்ட்ரிங், லிஸ்ட், டிக்‌ஷனரி, நம்பை அரேன்னு பிரிச்சு வச்சுக்குங்க.

பழைய குறியீடு ஓடுறது பைசி கோப்பால, அதாவது பைத்தான் கம்பைல் பண்ணி எழுதி வைக்கிற கோப்பால. அதுக்குள்ள மூலக் கோப்போட திருத்த நேரம் முழு செகண்டா, கூடவே கோப்போட அளவு, இந்த ரெண்டும்தான் குறிச்சிருக்கும். ஒரே செகண்டுக்குள்ள ரெண்டு தடவை எழுதி, பைட் எண்ணிக்கையும் மாறலைன்னா (10ஐ 20 ஆக்கினா மாறாது) பைத்தானுக்கு வித்தியாசமே தெரியாது. ஆள் கையால திருத்தும்போது இது நடக்காது, நிரல் எழுதும்போது நடக்கும். டோன்ட்_ரைட்_பைட்கோட் வச்சா புதுசா எழுதாது, ஆனா ஏற்கெனவே கிடக்கிறதைப் படிக்கத்தான் செய்யும். பைகேஷ்_பிரிஃபிக்ஸை ரன்னுக்கு ஒரு காலி அடைவுக்குத் திருப்புங்க, 3.8லேருந்து இருக்கு.

த்ரெட்டுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. பைத்தான் த்ரெட்டை வெளியிலேருந்து கொல்ல முடியாது. செட்அசிங்க்எக்ஸ்சி வச்சு அதுக்குள்ள ஒரு எக்ஸெப்ஷன் எறியலாம். அது சி குறியீட்டுக்குள்ள காத்துக்கிட்டிருந்தா திரும்பி வந்தாத்தான் உறைக்கும். என் முறை நிக்கிற எல்லை இதுதான்.

கோட்டைச்சுவர்:

சப்-இன்டர்பிரட்டர் பற்றி. ஒவ்வொன்றுக்கும் தனி சிஸ்.மாட்யூல்ஸ், தனி பில்ட்-இன்ஸ் கிடைக்கும். பை_எண்ட்இன்டர்பிரட்டர் கூப்பிட்டால் அது மட்டும் போகும். 3.12-இல் பெப் 684 வழியாக ஒவ்வொன்றுக்கும் தனி ஜில் வந்தது. 3.14-இல் கன்கரன்ட்.இன்டர்பிரட்டர்ஸ் என்ற பெயரில் பைத்தானிலிருந்தே உண்டாக்க, ஓட்ட, மூட முடிகிறது. வெறும் பைத்தான் ஸ்கிரிப்ட் மட்டும் என்றால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு நம்பை வேண்டும். தனி ஜில் கொண்ட சப்-இன்டர்பிரட்டரில், அதற்குத் தயாராக இல்லாத எக்ஸ்டென்ஷன் ஏறவே மறுக்கும். ஜில்லைப் பகிரும் பழைய வகையில் ஏறலாம், ஆனால் சப்-இன்டர்பிரட்டரைச் சரியாக ஆதரிக்கவில்லை என்று நம்பை தானே எச்சரிக்கை தருகிறது. காரணம் மேலே சொன்ன அதே ஸ்டாட்டிக் மாறிகள். பைபைண்ட்11-க்கே இதற்கான ஆதரவு 3.0 பதிப்பில்தான் வந்தது. ஜில்ஸ்டேட் குடும்ப அழைப்புகளை உங்கள் சி++ த்ரெட்டுகளில் பயன்படுத்தினால் அவை எந்த இன்டர்பிரட்டரைப் பிடிக்கும் என்பதும் தனிக் குழப்பம். நடப்பு அடைவு, சூழல் மாறிகள் இங்கும் பொதுவே.

பூஜ்யம்முதல்:

நீங்கள் துடைக்க விரும்பும் நிலை முழுவதும் குடியிருப்பது ப்ராசஸில். ஸ்டாட்டிக் மாறி, த்ரெட், சூழல் மாறி, ஃபைல் டிஸ்கிரிப்டர், சிதறிய மெமரி எல்லாவற்றையும் மிச்சமில்லாமல் வாங்கிக்கொள்வது இயங்குதளம் மட்டும்தான், அதுவும் ப்ராசஸ் சாகும்போது. ஜூப்பிட்டரில் 'கெர்னல் ரீஸ்டார்ட்' செய்வது இதுதான். ஐபைத்தானின் ரீசெட் கட்டளை பயனர் பெயர்களை மட்டும் அழிக்கும், சிஸ்.மாட்யூல்ஸை இயல்பாகத் தொடாது. எனவே ஸ்கிரிப்ட்டை மென்பொருளுக்கு வெளியே ஒரு பணியாள் ப்ராசஸில் ஓட்டுங்கள், ரன் முடிந்ததும் அதைக் கொன்றுவிடுங்கள்.

அரை செகண்டுக் கட்டுப்பாட்டுக்கு வழி: எப்போதும் ஒரு பணியாளைத் தயாராக நிறுத்தி வையுங்கள். அது பைத்தானைத் தொடங்கி, நம்பையை இம்போர்ட் செய்து, ஸ்கிரிப்ட்டுக்காகக் குழாயில் காத்திருக்கும். பயனர் அழுத்தியதும் ஸ்கிரிப்ட் அதற்குப் போகும், அதே கணம் அடுத்த பணியாளை எழுப்புங்கள். தொடக்கச் செலவு பயனர் யோசிக்கும் நேரத்தில் மறைந்துவிடும். சும்மா நிற்கும் பணியாள் பிடிக்கும் மெமரி சில பத்து மெகாபைட். நம்பையோடு வரும் ஓபன்பிளாஸ் கணித லைப்ரரி, கோர் எண்ணிக்கைக்கு த்ரெட் எழுப்பி வைத்துக்கொள்ளும். அது வேண்டாம் என்றால் அதன் த்ரெட் எண்ணிக்கைச் சூழல் மாறியை இம்போர்ட்டுக்கு முன் வையுங்கள், பிறகு வைத்தால் பலனில்லை.

லினக்ஸில் ஃபோர்க் (ஓடும் ப்ராசஸை அப்படியே நகலெடுப்பது) செய்தால் இன்னும் வேகம் என்று தோன்றும். உங்கள் மென்பொருளிலிருந்து நேரடியாகச் செய்யாதீர்கள். ஃபோர்க்குக்குப் பின் கூப்பிட்ட த்ரெட் மட்டும்தான் பிழைக்கும். மற்ற த்ரெட் பிடித்திருந்த பூட்டு, திறக்க ஆள் இல்லாமல் பூட்டியே இருக்கும். திரை மென்பொருளில் த்ரெட் இல்லாமல் இருக்காது. பல த்ரெட் உள்ள ப்ராசஸில் ஃபோர்க் செய்தால் 3.12 எச்சரிக்கையே தருகிறது, 3.14-இல் மல்டிப்ராசஸிங்கின் லினக்ஸ் இயல்புநிலையையும் ஃபோர்க்கிலிருந்து ஃபோர்க்சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். விண்டோஸில் ஃபோர்க்கே கிடையாது என்பதால் இரண்டுக்கும் ஒரே முறை வைப்பது உங்களுக்கு மிச்சம்.

பணியாளைத் தொடங்க மூன்று ஃபிளாக்: பெரிய ஐ, சின்ன யூ, பெரிய எக்ஸ் யூடிஎஃப்8. பெரிய ஐ போட்டால் பயனர் கணினியில் கிடக்கும் பைத்தான் சூழல் மாறிகளும் பயனர் சைட்-பேக்கேஜஸும் உள்ளே வராது. அதே காரணத்தால், பஃபரை நிறுத்தவும் என்கோடிங்கை மாற்றவும் நீங்கள் வைக்கும் பைத்தான் சூழல் மாறிகளும் கண்டுகொள்ளப்படாது. அதனால்தான் மற்ற இரண்டையும் ஃபிளாக்காகவே தர வேண்டும். சின்ன யூ இல்லையென்றால் வெளியீடு குழாய்க்குப் போகும்போது பஃபரில் தேங்கி, ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு ஒரே குவியலாக வரும். இடையில் கொன்றால் வரவே வராது. யூடிஎஃப்8 இல்லையென்றால் விண்டோஸில் குழாயின் என்கோடிங் பழைய கோட்பேஜ் ஆகும். யாராவது தமிழில் ஒரு வரி பிரிண்ட் செய்தால் அங்கேயே யூனிகோட்என்கோட்எர்ரர். பைத்தான் 3.15-இலிருந்து யூடிஎஃப்8 இயல்பாகிறது, அதுவரை இந்த ஃபிளாக் கட்டாயம். பெரிய ஐயின் இன்னொரு விளைவு, ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவு சிஸ்.பாத்-இல் சேராது, துணைக் கோப்பு கிடைக்கவில்லை என்று பயனர் வருவார். பணியாள் நிரலே அதை முதல் இடத்தில் செருக வேண்டும்.

பேச்சு முறை எளிதாக இருக்கட்டும்: 4 பைட்டில் நீளம், பின்னால் அவ்வளவு பைட் ஜேசன். ஆனால் ஸ்கிரிப்ட்டின் பிரிண்ட் இதே குழாயில் கலந்தால் நெறிமுறை சிதறும். பணியாள் எழுந்ததும் டிஸ்கிரிப்டர் 1-ஐ டூப் செய்து நெறிமுறைக்கு ஒதுக்கிக்கொண்டு, டிஸ்கிரிப்டர் 1-ஐ டூப்2 மூலம் ஸ்டிடிஎர்ர் பக்கம் திருப்பிவிடுங்கள். சிஸ்.ஸ்டிடிஅவுட்டை மட்டும் மாற்றினால் போதாது. சி லைப்ரரிகளின் பிரிண்ட்எஃப் அதைக் கேட்காது. மென்பொருள் பக்கத்தில் நெறிமுறை, ஸ்டிடிஎர்ர் என்ற இரண்டு குழாயையும் தனித்தனி த்ரெட்டில் விடாமல் படியுங்கள். லினக்ஸில் குழாயின் கொள்ளளவு இயல்பாக 64 கிலோபைட். ஒன்றைப் படிக்காமல் விட்டால் அது நிரம்பியதும் பணியாள் எழுத முடியாமல் நிற்கும், நீங்கள் அதன் பதிலுக்காக நிற்பீர்கள்.

200 மெகாபைட்டைக் குழாயில் தள்ள வேண்டாம். ஷேர்ட் மெமரியில் வைத்து, பெயர், வடிவம், டிடைப் மூன்றை மட்டும் ஜேசனில் அனுப்புங்கள். இங்கே 3.12-இல் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் மல்டிப்ராசஸிங்.ஷேர்ட்_மெமரி, ஏற்கெனவே இருக்கும் துண்டை வெறுமனே இணைத்தாலும் அதைத் தன் ரிசோர்ஸ் டிராக்கரில் பதிவு செய்துகொள்ளும். டிராக்கர் தனி ப்ராசஸ். பணியாள் செத்ததும் "கசிந்த துண்டு" என்று எச்சரித்து, உங்கள் மென்பொருளுக்குச் சொந்தமான துண்டின் பெயரை நீக்கிவிடும். அடுத்த பணியாளுக்குத் துண்டு கிடைக்காது. 3.13-இல் டிராக் ஃபால்ஸ் என்று தரலாம். 3.12-இலேயே இருக்க வேண்டும் என்றால் டெவ்-எஸ்எச்எம் அடைவில் ஒரு கோப்பு வைத்து நம்பையின் மெம்மேப் கொண்டு திறங்கள், டிராக்கரே வராது. விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் துண்டின் அளவு 4 கிலோபைட் பக்கக் கணக்கில் மேல்நோக்கி முழுமையாக்கப்படும். அரேயின் நீளத்தைத் துண்டின் அளவிலிருந்து கணக்கிடாமல் ஜேசனில் வந்த வடிவத்திலிருந்து எடுங்கள்.

கொல்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்கிரிப்ட் தானாக முடிந்தால் ஏட்எக்ஸிட் (முடியும்போது ஓடப் பதிந்த வேலைகள்) ஓட 2 செகண்ட் தாருங்கள், பிறகு கொல்லுங்கள். ஸ்கிரிப்ட் தன் பங்குக்கு வேறு ப்ராசஸ் தொடங்கியிருக்கலாம். லினக்ஸில் பணியாளைத் தனி செஷனில் தொடங்கி அதன் ப்ராசஸ் குழு முழுவதையும் கொல்லுங்கள், விண்டோஸில் ஜாப் ஆப்ஜெக்டில் போட்டு, கைப்பிடி மூடினால் எல்லாம் சாகும் என்ற வரம்பை வையுங்கள். பின்னது உங்கள் மென்பொருளே விழுந்தாலும் பணியாள் அநாதையாக ஓடாமல் பார்த்துக்கொள்ளும். முடிவில்லாத லூப்புக்கு 'நிறுத்து' பொத்தானும் இதே குறியீட்டில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒற்றைத்தூண்:

பயனர் ஸ்கிரிப்ட்டுக்கு நம்பை தேவையில்லாத வேறு மென்பொருளில் இதே கேள்வி வந்தால் லுவா மொழியைப் பாருங்கள். அங்கே எல்லா நிலையும் ஒரே ஒரு லுவா_ஸ்டேட்டுக்குள். லுவா_குளோஸ் கூப்பிட்டால் '__ஜிசி' எல்லாம் ஓடி, ரிக்வயர் ஏற்றிய சி லைப்ரரிகளும் இறங்கும். புதுசு ஒன்று திறப்பது ரன்னுக்கு ஒருமுறை செய்யும் அளவுக்கு மலிவு. கவனிக்க வேண்டியது ஒன்று: பழைய ஸ்டேட்டின் ரெஜிஸ்ட்ரி எண்களை சி++ பக்கத்தில் பிடித்து வைத்திருந்தால் அவை புதிய ஸ்டேட்டில் வேறு எதையாவது சுட்டும்.

திருகாணி:

பூஜ்யம்முதல் சொன்னதைக் கட்டத் தொடங்கினேன். முதலில் சோம்பேறித்தனமாக, பொதித்த பைத்தானுக்குள்ளிருந்தே புது ப்ராசஸ் தொடங்கும் மல்டிப்ராசஸிங்கின் ஸ்பானைக் கூப்பிட்டேன். பணியாளுக்குப் பதில் எங்கள் மென்பொருளின் இரண்டாவது ஜன்னல் திறக்கிறது!

பூஜ்யம்முதல்:

ஸ்பான், சிஸ்.எக்ஸிக்யூட்டபிளைத்தான் ஓட்டும். விண்டோஸில் பொதித்த பைத்தானில் அது உங்கள் மென்பொருளின் இஎக்ஸ்இ. மல்டிப்ராசஸிங்.செட்_எக்ஸிக்யூட்டபிளுக்கு உண்மையான பைத்தான் இஎக்ஸ்இயின் பாதையைத் தந்தால் ஜன்னல் திறப்பது நிற்கும். ஆனால் சி++ பக்கத்திலிருந்தே நேரடியாகத் தொடங்குங்கள். ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கு மட்டும்தான் பைத்தான் என்றால், பணியாள் வந்த பிறகு மென்பொருளுக்குள் பொதித்த பைத்தான் எதற்கு? எடுத்துவிடலாம்.

விண்டோஸில் இஎக்ஸ்இயோடு அனுப்ப பைத்தான் தளத்தில் கிடைக்கும் எம்பெடபிள் ஜிப் போதும். அதில் இருக்கும் '._பிடிஎச்' கோப்பில் எழுதிய பாதைகள் மட்டும்தான் சிஸ்.பாத் ஆகும், நம்பை வைத்த சைட்-பேக்கேஜஸ் அடைவை அதில் ஒரு வரியாகச் சேருங்கள்.

திருகாணி:

இரண்டையும் செய்தாயிற்று. பொதித்த பைத்தானை எடுத்ததில் பைபைண்ட்11-உம் போனது. டெவ்-எஸ்எச்எம் மெம்மேப் வேலை செய்கிறது, டீமன் த்ரெட் பணியாளோடு சாகிறது. மணல்வீடு தந்த மெயின் மாட்யூல் ஏற்பாட்டைப் பணியாளுக்குள்ளும் வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட்டின் பெயர்கள் என் பணியாள் நிரலின் பெயர்களோடு கலக்கின்றன. களையெடுப்புக் குறியீடு முழுவதையும் அழித்துவிட்டேன்.